வலைக்கு ஓர் இடம்

மயிலாப்பூரில் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இரண்டு வகை. கச்சேரிக்குப் போகிறவர்கள் ஒரு வகை. சங்கம் வைக்கிறவர்கள் இன்னொரு வகை. முன்னவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை.

திருவாளர் வைத்தமாநிதி இரண்டாவது வகை. சர்க்காரில் பெரிய என்ஜினீயராக இருந்து, ஊரிலுள்ள ஆற்றுக்கெல்லாம் பாலம் போட்டுவிட்டு, 1969-ல் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கவேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. ஆசை பிறந்தால் கட்டவேண்டியதுதானே என்று கேட்கிறவர்களுக்குப் பொதுச்சேவையைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதலில் மன்றம் வேண்டும். மன்றத்துக்கு ஒரு பெயர் வேண்டும். 'மக்கள் பங்கேற்பு மனை வடிவமைப்புச் சேவா மன்றம்' என்ற பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு கோடைக்காலமும் ஏகப்பட்ட காப்பியும் தீர்ந்துபோயின. லஸ்ஸில் அவர் வீட்டு மாடிதான் அலுவலகம்.

மன்றத்தின் செயலாளர் ஜெயபாரதி. அடையாற்றுக்காரர், சீமைக்குப் போய்க் கட்டடக்கலை படித்துவிட்டு வந்த அம்மாள். ஏழையைக் கேட்காமல் ஏழைக்காக ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது என்பது அவர் அங்கே படித்த பாடம். பாடம் என்னவோ நல்ல பாடம்தான். பொருளாளர் அய்யாதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை நடத்துகிறவர். அவர் இந்தப் பாடமெல்லாம் படிக்காததால் நேரே போய்ச் செங்கல்லும் சிமெண்டும் வாங்கி, லாரியில் கொண்டுவந்து குப்பத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார். மன்றத்தின் வரலாற்றிலேயே அவசரப்பட்டுச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

குப்பம் என்றது நண்டுமேட்டுக் குப்பத்தை. அடையாறு கடலில் விழுகிற இடத்துக்குச் சற்று வடக்கே, மணல் மேட்டில் இருக்கிறது. அந்த வருஷம் பங்குனியில் அங்கே ஒரு வரிசைக் குடிசைகள் எரிந்துபோயிருந்தன. எரிந்ததில் பச்சையம்மாவின் குடிசையும் ஒன்று. புருஷன் இல்லாதவள், கூடையில் மீன் சுமந்து மயிலாப்பூர்த் தெருக்களில் விற்றுத் தன் ஒரே மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். தீக்குப் பிறகு நாலு கழியை நட்டு, மேலே ஓலையைப் போட்டுக்கொண்டு அதன் கீழே தாயும் மகளும் இருந்தார்கள். வெயிலுக்கு அது போதும். மழை வந்தால் தண்ணீர் உள்ளே வந்து படுத்துக்கொள்ளும், இவர்கள் வெளியே நிற்கவேண்டும். மழைக்கு முன்னால் வீடு வந்துவிடும் என்று அவளுக்குத் தைரியம் சொன்னவன் அவளுடைய அண்ணன் தேசப்பன்.

அவன் சும்மா சொல்லவில்லை. சர்க்கார் நிலம் கொடுத்தாயிற்று. செங்கல் வந்தாயிற்று. வரைபடமும் தயார். மக்களின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. அதற்காகக் குப்பத்திலிருந்து ஒருவரை லஸ்ஸுக்கு அனுப்பும்படி மன்றம் கேட்டது. காலில் சங்கு குத்திக் கட்டுப் போட்டிருந்ததால் அன்று கடலுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவன் தேசப்பன். ஆகவே மக்களின் பிரதிநிதி அவனே.

மாடியில் அவனை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி. கையில் வெள்ளி டம்ளரில் காப்பி. எதிரே சுவர் முழுக்க வரைபடம். அதில் கோடுகளைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சொல்லுங்கோ தேசப்பன் அவர்களே! வீடு எப்படி இருக்கு?" என்றார் வைத்தமாநிதி. கூட்டம் நடக்கும்போது மட்டும் அவனை அவர் 'அவர்களே' போட்டு அழைப்பார்.

"நல்லா கீது சார்."

"நன்னா இருக்குங்கறது ஒரு அபிப்பிராயமே இல்லை. எல்லாரும் அதைத்தான் சொல்லுவா."

"ரொம்ப நல்லா கீது சார்."

ஜெயபாரதிக்கு முகம் வாடிவிட்டது. "எங்களுக்குப் பயந்துகிட்டுச் சொல்றீங்க. மனசுல ஏதோ ஒரு குறை இருக்கு, எனக்குத் தெரியுது. அதைச் சொன்னாத்தான் இந்த வீடு உங்க வீடு" என்றார்.

தேசப்பனுக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. மனசில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காப்பி கொடுத்து உட்காரவைத்துக் கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை என்றால் வந்த இடத்தில் மரியாதை தெரியாதவன் ஆகிவிடுவான். கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது, "சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கம்மி" என்று உரிமையோடு சொல்லுகிற மாதிரி ஏதாவது சொல்லிவைப்போம் என்று பார்த்தான்.

"அதுல வலைய எங்க வெக்கறது, சார்?" என்றான்.

ஜெயபாரதியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வலை! மீனவருடைய வீட்டில் வலைக்கு இடம் வைக்கலையே நாம்! எவ்வளவு பெரிய தப்பு!" என்றார். வைத்தமாநிதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வலைக்கு உரிய இடம் கண்டுபிடிக்கப்படும்வரை கட்டட வேலையை நிறுத்திவைப்பதென்று அங்கேயே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஏகமனதில் தேசப்பனும் கை தூக்கினான். எல்லாரும் தூக்கினார்கள், அவனும் தூக்கினான்.

நண்டுமேட்டில் வலையை யாரும் வீட்டுக்குள் வைப்பதில்லை. ஈர வலையும் மீன் கவிச்சியும் படுக்கிற இடத்தில் எதற்கு? கட்டுமரத்துப் பக்கத்தில் கழி நட்டு அதில் தொங்கவிடுவார்கள், அல்லது மணலில் குவித்துச் சாக்கைப் போட்டு மூடுவார்கள். இது தேசப்பனுக்குத் தெரியாதா? தெரியும். படி இறங்கும்போதே அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக்கூடாது என்று அவனுக்குப் பட்டுவிட்டது.

"எப்போ அண்ணாத்தே வூடு?" என்று கேட்டாள் பச்சையம்மா.

"சின்னதா ஒரு வேலை பாக்கி கீது. அத்த முட்ச்சிட்டு ஆரம்பிச்சிருவாங்க" என்றான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கால் கட்டைப் பார்த்துச் சொன்னான்.

அந்தச் சின்ன வேலைக்கு வலைத் துணைக்குழு என்று பெயர். துணைக்குழு ஜீப்பில் வந்து வலையை அளந்தது. வலையை அளப்பது சாமானியமான காரியமா? சுருட்டினால் ஒரு மூட்டை, விரித்தால் அரை மைதானம். சுருட்டிய வலை ஒடுக்கப்பட்ட வலை என்றும், வடிவமைப்பு விரித்த வலைக்குத்தான் நியாயம் செய்யவேண்டும் என்றும் ஜெயபாரதி வாதாடினார். அவர் சொன்னதே நின்றது. புது வரைபடத்தில் நடுவே வலைக்கூடம் கல்யாண மண்டபம் மாதிரி வந்தது. மனிதர்களுக்கு அதன் மூலையில் மாடப்பிறை அளவுக்கு ஓர் அறை மிஞ்சியது. நிலத்தில் இவ்வளவு பெரிய வீடுகள் அடங்காது என்று தெரிந்ததும், மறுபடியும் முதலிலிருந்து வரைய ஆரம்பித்தார்கள். அதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. பச்சையம்மா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்து வராந்தாவில் மழையைக் கழித்தாள்.

வருஷா வருஷம் மன்றத்தின் ஆண்டறிக்கையைக் குப்பத்திலேயே ஒலிபெருக்கி வைத்துப் படிப்பார்கள். மக்களிடம் எதையும் மறைக்கக்கூடாது என்பது மன்றத்தின் கொள்கை. "திரு. தேசப்பன் அவர்கள் எழுப்பிய வலை சம்பந்தமான ஆட்சேபணை காரணமாக, இவ்வாண்டும் கட்டுமானப் பணிகளைத் தொடங்க இயலவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று வைத்தமாநிதியின் குரல் கடல்வரைக்கும் கேட்கும். கேட்டவர்கள் தேசப்பனைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பேர் திட்டினார்கள். பிறகு திட்டுவதையும் விட்டுவிட்டார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. வலையைத் தொடும்போதெல்லாம் கை கூசியது. பச்சையம்மாவின் ஓலைக்கு முன்னால் போகவேண்டியிருந்தால் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு போனான்.

ஒரு நாள் துணிந்து லஸ்ஸுக்குப் போனான். அன்றைக்குக் கூட்டம் இல்லை. ஆகவே நாற்காலியும் இல்லை, 'அவர்களே'யும் இல்லை.

"சார், அன்னிக்கு வலைன்னு ஒரு வார்த்தை சொன்னேனே, அத்த வாபஸ் வாங்கிக்கிறேன் சார். நாங்க வலைய வூட்டுல வெக்கறதே இல்ல. தெரியாம சொல்ட்டேன்."

வைத்தமாநிதி அவனைப் பரிவோடு பார்த்தார்.

"தேசப்பா, நீ சொன்னது உனக்குச் சொந்தம்னு நினைச்சுண்டிருக்கே. சொன்ன நிமிஷமே அது மன்றத்துக்குச் சொந்தமாயிடுத்து. அதை வச்சுண்டு ஜெயபாரதி எத்தனை கட்டுரை எழுதியிருக்கா, தெரியுமோ? வீடு யார் வேணும்னாலும் கட்டிடலாம்ப்பா. சர்க்கார் கட்டறது, கொத்தனார் கட்டறான். மக்களைக் கேட்டுண்டே இருக்கறதுக்கு இந்த ஊர்ல எங்களை விட்டா யார் இருக்கா, சொல்லு. கட்டி முடிச்சுட்டா அப்பறம் உன்கிட்ட என்னத்தைக் கேக்கறது? உன்னை யாரு இந்த மாடி ஏறச் சொல்லுவா? எங்களுக்குத்தான் என்ன வேலை?"

தேசப்பனுக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனால் தன்னால் பெரிய மனிதர்கள் இவ்வளவு சிரமப்படுகிறார்களே என்று இன்னொரு பாரம் ஏறியது. "மன்னிச்சிக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

பிறகு ஒத்திகை வந்தது. வரைபடம் மக்களுக்குப் புரியாது என்பதால், வீட்டை முழு அளவில் மணலில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, மக்களை அதற்குள் ஒரு பகல் வாழச் சொல்லிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வாழ்கிற மக்கள் தேசப்பனும் பச்சையம்மாவும் அவள் மகளும். மன்றத்தினர் குடை பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். கோட்டில் விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே போகவேண்டும், அதுதான் வாசல். பச்சையம்மா கோட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து வெயிலில் மீன் கழுவினாள். தேசப்பனுக்குத் தாகம் எடுத்தது. மறந்துபோய் எழுந்து நேரே பானைக்கு நடந்தான்.

"சுவர்! சுவர் வழியாப் போறார்!" என்று கத்தினார் ஜெயபாரதி. "வடக்குச் சுவர் வேண்டாம்னு அவருடைய உடம்பே சொல்லுது!"

வடக்குச் சுவர் நீக்கப்பட்டது. கூரை எதன்மேல் நிற்பது என்ற கேள்வி அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதன்பிறகு ஒத்திகைகளில் தேசப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பான். ஒரு முறை தும்மிவிட்டான். ஜன்னல்கள் இடம் மாறின.

"கோடு போடற எடத்துல ஒரு கல்லு வெச்சா ஆவாதாம்மா?" என்று பச்சையம்மா ஒரு தடவை கேட்டாள். மக்களின் பிரதிநிதி தேசப்பன் மட்டும்தான் என்பதால் அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் அய்யாதுரை இறக்கிய செங்கல் அங்கேயேதான் அடுக்கிக் கிடந்தது. சிமெண்ட் மூட்டைகள் முதல் மழையிலேயே பாறையாகிவிட்டன. ஆனால் செங்கல்லுக்கு ஒரு குறைவும் வரவில்லை. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அய்யாதுரை கடை ஆட்களோடு வந்து, அடுக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்துவிட்டுப் போவார். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் மன்றத்தினர் முதலில் காட்டுவது அந்த அடுக்கைத்தான்.

1984-ல் ஒரே சமயத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. 'வலையில்லம்' என்ற வடிவமைப்புக்கு ஐரோப்பாவில் ஒரு ஸ்தாபனம் பரிசு அறிவித்தது. கொடுப்பதற்கு ஒரு வெள்ளைக்காரர் நேரே குப்பத்துக்கே வருவதாக ஏற்பாடு. அதே ஐப்பசியில் பச்சையம்மாவின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்து ஆண் குழந்தை பெற்றாள். ஆமாம், அந்தச் சின்னப் பெண்தான். இந்த இடைவெளியில் அவள் வளர்ந்து, பாலவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஓலைக்கடியில் கணுக்கால் தண்ணீர். பச்சையம்மா செங்கல் அடுக்கிலிருந்து நாலு மூலைக்கும் நாலைந்து கல்லாக எடுத்துவந்து அடுக்கி, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, மகளையும் பேரனையும் தண்ணீருக்கு மேலே படுக்கவைத்தாள். குங்குமம் வைத்த கற்கள்.

அடுக்கில் விழுந்த பள்ளம் மறுநாளே மன்றத்தின் கண்ணில் பட்டது. அய்யாதுரை தேசப்பனைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கெட்டவரில்லை, ஆனால் பதறிப்போயிருந்தார்.

"ஏம்ப்பா, பூசை வச்ச கல்லுல்லா அது! வெள்ளைக்காரன் வந்து பாக்கும்போது அடுக்கு மூளியா இருந்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பான்? வீடே வராமப் போனா அந்தப் பாவம் யாருக்கு? நல்லா யோசிச்சுக்கிடும். நான் வேற என்னத்தச் சொல்லுதது?"

தேசப்பன் யோசித்தான். ஏற்கெனவே ஒரு முறை தன் வாயால் குப்பத்துக்கே வீடு போயிற்று. இப்போது வரப்போகிற நேரத்தில் தன் வீட்டாராலேயே மறுபடியும் போகவேண்டுமா? அந்தப் பழியை இரண்டாம் தடவை சுமக்க அவனால் முடியாது. நேரே தங்கை வீட்டுக்குப் போனான். "ரெண்டு நாள் பொறுத்துக்க, பச்சே. வூடே வரப்போவுது" என்றான். அவன் கற்களை எடுத்து, கழுவி, அடுக்கில் பழையபடி வைத்து, குங்குமம் கலைந்த இடத்தில் புதுக் குங்குமமும் வைத்தான்.

அன்று சாயங்காலமே பிள்ளைக்காரியைப் பாலவாக்கத்துக்கு அனுப்பவேண்டியதாயிற்று. நனைந்த துணியில் குழந்தையைச் சுற்றிக்கொண்டு அவள் போனாள். பேறுகாலத்துக்கு வந்த பெண்ணை ஒரு மாசம் வைத்துக்கொள்ளத் துப்பில்லாத வீடு என்று சம்பந்திகள் சொன்ன சொல் மறுநாள் மீன் கூடைகளோடு குப்பத்துக்கு வந்து சேர்ந்தது.

பரிசளிப்பு விழாவன்று மழை விட்டிருந்தது. செங்கல் அடுக்குக்கு முன்னால் ஷாமியானா. பாறையாகிப்போன சிமெண்ட் மூட்டைகளின்மேல் சமுக்காளம் விரித்து அவற்றையே ஆசனங்களாக்கியிருந்தார்கள். எளிமை என்று வெள்ளைக்காரர் மெச்சினார். குப்பத்து ஜனங்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். தேசப்பனுக்குப் பொன்னாடை போர்த்தி, மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

அவன் முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தான்.

"ஐயா, அம்மா, எல்லாரும் மன்னிச்சிக்கணும். வலைன்னு நான் சொன்னது பொய்யி. எங்க குப்பத்துல எவனும் வலைய வூட்டுக்குள்ள வெக்கறதில்ல. காப்பி குட்த்து கேட்டாங்களேன்னு ஒரு மரியாதைக்குச் சொன்னேன். என்னாலதான் இத்தினி வருஷம் யாருக்கும் வூடு இல்ல. வலைக்கு எடம் வேணாம். மனுசனுக்கு ஒரு சொவுரு, ஒரு கூர போதும். கட்டிக் குடுத்துருங்க."

ஜெயபாரதி குனிந்து வெள்ளைக்காரரின் காதில் மொழிபெயர்த்தார். அவர் எழுந்து நின்று கை தட்டினார். உடனே எல்லாரும் எழுந்து தட்டினார்கள். வைத்தமாநிதி மைக்கை வாங்கினார். அவர் கண்களும் கலங்கித்தான் இருந்தன.

"தேசப்பன் அவர்களே! இத்தனை வருஷம் எங்களைத் தப்பான வழியிலே கூட்டிண்டு போனேள். பரவாயில்லை. மன்றம் உங்களை மன்னிக்கறது. வலைக்கு இடம் வேண்டாம்னு மக்கள் இன்னிக்குச் சொல்லிட்டா. அதனால போட்ட வரைபடம் அத்தனையும் ரத்து. முதல்லேர்ந்து ஆரம்பிக்கறோம். சொவுருன்னார், கூரைன்னார். சுவருக்கு ஒரு துணைக்குழு, கூரைக்கு ஒரு துணைக்குழு. நினைச்சாலே சந்தோஷமா இருக்கு!"

தேசப்பன் கும்பிட்டான். மன்னித்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் அவன் காதில் விழுந்திருந்தது. "ரொம்ப டாங்ஸ் சார்" என்று வைத்தமாநிதிக்கும், ஜெயபாரதிக்கும், அய்யாதுரைக்கும் தனித்தனியே சொன்னான். வருஷக்கணக்காக அழுத்திய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பொன்னாடையோடு கயிற்றைத் தாண்டி வந்து பச்சையம்மாவின் எதிரில் நின்றான். அவள் முகத்தைப் பார்க்க அன்றைக்குத்தான் அவனுக்குத் தெம்பு வந்தது.

"கேட்டியா பச்சே? எல்லாத்தையும் சொல்ட்டேன். மன்னிச்சிட்டாங்க."

"இன்னாத்துக்கு மன்னிச்சாங்க?"

"வலைன்னு சொன்னதுக்கு."

"நீ வலைன்னு சொல்லாங்காட்டி வேற எவனாச்சும் வாசப்படின்னு சொல்லியிருப்பான். அதுக்கும் இத்தினி வருஷம் ஆயிருக்கும். அதுக்கோசரம் நான் உம்மேல என்னிக்காச்சும் கோவிச்சிக்கினேனா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "கல்லு? அத்த அவங்களா வந்து எட்த்தாங்க? பச்சப்புள்ள மேல பட்த்துக்கினு கீது. ஒரு கையில பலகைய புட்ச்சிக்கினு, இன்னொரு கையால ஒண்ணொண்ணா உருவுனியே அண்ணாத்தே, அது நீதானே?"

ஷாமியானாவில் ரோஸ்மில்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ வருஷம் தேசப்பன் ஒரு குற்றத்தைச் சுமந்தான். அது அவனுடையதே இல்லை. அவனுடையது எதுவோ அதை ஒரு நாள்கூட அவன் நினைத்துப் பார்க்கவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்தான். புதுக் குங்குமம் வேறு வைத்தான்.

பொன்னாடையை உருவிச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டான். செங்கல் அடுக்குக்குப் போனான். வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல் வரிசையிலிருந்து கற்களை எடுத்துத் தலையில் அடுக்கினான்.

"தேசப்பா! என்ன பண்றே நீ?" என்றார் வைத்தமாநிதி. கூட்டம் முடிந்திருந்தது.

"ஏ, பூசை வச்ச கல்லுப்பா!" என்று ஓடிவந்தார் அய்யாதுரை.

"அவரைத் தடுக்காதீங்க!" என்றார் ஜெயபாரதி. "தேசப்பன், எதனால மேல் வரிசையிலிருந்து எடுக்கறீங்க? மனசுல என்ன தோணிச்சு? சொல்லுங்க!"

அவர்கள் கேட்டதற்கு முதல் தடவையாகத் தேசப்பன் பதில் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தான். கற்களைக் கொண்டுபோய்ப் பச்சையம்மாவின் ஓலைக்குக் கீழே, ஈர மணலில் இறக்கினான். இறக்கிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான்.

பச்சையம்மா முந்தானையை வரிந்து செருகிக்கொண்டு வந்து, முதல் கல்லை மூலையில் வைத்துக் காலால் மிதித்து அழுத்தினாள்.

"அழுவறத அப்பால அழுவலாம்" என்றாள். "நாளைக்கி நானே போயி கொயந்தய இட்டுக்கினு வரப்போறேன். இன்னும் கல்லு வேணும், எட்த்தா போ."